கணிப்பொறியின் தூசும் சூடும்

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ‘மார்க் 2’ என்னும் கணிப்பொறி தடுமாறியது. காரணத்தைத் தேடியவர்கள், அதன் ரிலே ஒன்றினுள் ஓர் அந்துப்பூச்சி சிக்கி மாண்டு கிடக்கக் கண்டனர். அதை எடுத்துக் குறிப்பேட்டிலேயே ஒட்டியும் வைத்தனர். ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்ற அவ்வகைப் பொறி சுருங்கிச் சுருங்கி இன்று நம் மேசையின்மீது அமர்ந்துவிட்டது. ஆயினும் வெளியிலிருந்து நுழையும் அற்பப் பொருளால் முடங்கும் இயல்பு மட்டும் அதை விட்டு நீங்கவில்லை.

கணிப்பொறி உட்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிவருகின்றது. அதன் மூளை எனத்தக்க பிராசசர் சில்லின்மேல் மெல்லிய உலோகத் தகடுகளை நெருக்கமாக அடுக்கி, அருகே ஒரு சிறு விசிறியைச் சுழலவிட்டிருக்கிறார்கள். விசிறி காற்றை இழுக்குங்கால் அறையிலுள்ள தூசும் உடன் செல்கின்றது. மெத்தைப் பஞ்சு, தலைமயிர், ஊதுவத்திப் புகையின் கரி ஆகிய யாவும் தகடுகளின் இடுக்கில் படிந்து, நாளடைவில் கம்பளி போர்த்தியது போலாகிவிடும். சில்லின் சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால், பெரும்பாலும் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சூடு மேலும் ஏறினால் பொறி அணைந்தே போகும். “கணிப்பொறிக்கு வயதாகிவிட்டது” என்று நாம் அலுத்துக்கொள்ளும்போது, உண்மையில் அது மூச்சுவிட முடியாமல் திணறிக்கொண்டிருக்கவும் கூடும்.

என் வீட்டுப் பொறி ஒரு கோடையில் பிற்பகல்தோறும் திடீரென அணைந்து வந்தது. வைரஸ் புகுந்திருக்கிறது என்றார் ஒரு கடைக்காரர். புதிதாக வாங்குவதே மேல் என்றார் மற்றொருவர். ஒருவரும் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. நானே பக்கத்துத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். விசிறியின் அடியில் தூசு ஒரு விரற்கடை கனத்துக்குத் திரண்டிருந்தது. அதை நீக்க அரை மணி நேரமும் ஒரு மெல்லிய தூரிகையுமே தேவைப்பட்டன.

இவ்வேலையைச் செய்ய விரும்பும் நேயர்கள் முதலில் பொறியை முறைப்படி அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். பெட்டியின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டால், உடம்பில் தங்கிய நிலைமின்சாரம் நீங்கும். உள்ளே இருக்கும் சில்லுகளுக்கு அது பகையாகும். பிறகு தூரிகையாலோ புளோயராலோ தூசியை வெளித்தள்ளலாம். அப்போது விசிறியின் இறகை விரலால் பிடித்துக்கொள்ளுதல் நன்று. காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுழன்று கெடக்கூடும். வாயால் ஊதுதல் ஆகாது. எச்சிலின் ஈரம் உள்ளே படும். மின்சாரம் வழங்கும் உட்பெட்டியை மட்டும் எக்காரணங்கொண்டும் திறவாதீர்கள். கம்பியைப் பிடுங்கிய பின்னரும் அதனுள் அதிர்ச்சி தரவல்ல மின்சாரம் தேங்கியிருக்கும். மடிக்கணினியை மெத்தைமேல் வைத்துப் பயன்படுத்துவோர் அதன் காற்று வழியைத் தாமே அடைக்கிறார்கள்.

கண்ணுக்குப் புலப்படாத குப்பையும் உண்டு. பொறியை முடுக்கியவுடன், நாம் கேளாமலே பல மென்பொருள்கள் உடன் எழுந்து ஓடத் தொடங்குகின்றன. வேண்டாதவற்றை நிறுத்திவிட்டாலே வேகம் கூடும். ‘ஒரே அழுத்தில் தூய்மை’ என்று ஆசை காட்டும் இலவச மென்பொருள்களை நான் நம்புவதில்லை; துடைப்பமே குப்பையாகிவிடும். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்துவது பயன் தரும், எஸ்.எஸ்.டி. வகைக்கு அது வேண்டியதில்லை. விண்டோஸ் 10க்கு வழக்கமாக வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் நின்றுவிட்டன என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இவை அனைத்துக்கும் முன்னே செய்யவேண்டியது ஒன்றுண்டு. நான் அதைக் கடைசியில் செய்தேன். தூசு நீங்கியபின் என் பொறி பழையபடி ஓடியது. ஆயின் திடீர் திடீரென அணைந்த அந்நாட்களில் ஒரு கோப்பு சிதைந்து போயிருந்தது. என் தாயார் தாம் சிறுமியாயிருந்தபோது கற்ற தாலாட்டைப் பாடிப் பதிவு செய்தது அது. வேறு படி இல்லை. அவரும் இன்று இல்லை. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறன்று, எஞ்சிய கோப்புகளை இரண்டு வெளி டிஸ்க்குகளில் படியெடுக்கிறேன். ஒன்று என் அலமாரியிலும் மற்றொன்று தங்கையின் வீட்டிலும் இருக்கின்றன.