ஒரே கயிற்றில் பல உயிர்கள்

கண்மாயில் நீர் நிற்கும் நாட்களை விரல்விட்டு எண்ணும் ஊர்களுள் ஒன்று நரிக்குடி. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக இங்கு வருவோரின் கண்ணில் முதலில் படுவது சீமைக் கருவேலம். அடுத்துப் படுவது கரிமூட்டத்தின் புகை. பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் தங்கும் துளி என்பதே இந்த மண்ணின் மக்கள் அறிந்த பொருள். இத்தகைய ஊரில், கல்லூரிக்குச் செல்லும் பிள்ளை ஒரு மாலை வீடு திரும்பி, “தேசிய மாணவர் படையில் என்னை மலையேற்றப் பயிற்சிக்குத் தேர்ந்திருக்கிறார்கள், இமயத்தில் பனியாற்றின் மேல் நடக்கப் போகிறேன். அப்பா கையெழுத்து வேண்டும்” என்று ஒரு தாளை நீட்டினால், பெற்றோர் என்ன செய்வது?

“வேண்டாம்” என்பதும் அன்பினால்தான்; “போய் வா” என்பதும் அன்பினால்தான். எதைச் சொன்னாலும் விவரம் அறிந்து சொல்வது நல்லது. ஆகவே பனியாறு என்பது யாது, அதன்மேல் ஓர் இளைஞர் குழு எவ்வாறு நடக்கிறது, அந்த நடை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது என்ன என்பவற்றைச் சற்றே ஆராய்வோம்.

நகரும் பனிக்கட்டி

உயர்ந்த மலைகளில் பெய்யும் பனி கோடையிலும் முற்றும் உருகாமல் அடுக்கடுக்காகத் தங்கிவிடுகிறது. மேலடுக்கின் பாரம் கீழடுக்கை அழுத்த, ஆண்டுகள் பல செல்லச் செல்ல அது கெட்டியான பனிக்கட்டியாக இறுகுகிறது. இறுகிய கட்டி தன் பாரத்தாலேயே சரிவில் மெல்ல மெல்ல நகர்கிறது. இதுவே பனியாறு. கங்கையின் தலையூற்றான கங்கோத்ரி பனியாறு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுடையது. நம் படைவீரர்கள் காவல் காக்கும் சியாச்சின் பனியாறு 70 கிலோமீட்டருக்கும் மிகுதியாக நீண்டு கிடக்கிறது. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குள்ள தூரத்தை விட அது அதிகம்.

கோடையில் நம் கண்மாய்க் கரம்பை பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைக் கண்டிருக்கிறோம். நகர்ந்து கொண்டேயிருப்பதால் பனியாறும் அவ்வாறே வெடிக்கிறது. ஆனால் அந்த வெடிப்புகள் ஓர் ஆளை மட்டுமன்றி ஒரு வீட்டையே விழுங்கக் கூடியவை. புதிதாகப் பெய்த பனி அவற்றின் வாயை மெல்லிய கூரைபோல் மூடிவிடுவதும் உண்டு. மேலே பார்த்தால் வெண்மையான சமவெளி. கீழே இருண்ட பள்ளம். வெயில் ஏறியதும் அந்தக் கூரை இளகிவிடும் என்பதால், பனியாற்றைக் கடப்போர் இரவின் பின்சாமத்திலேயே எழுந்து, பனி உறைந்திருக்கும் வேளையில் புறப்படுகின்றனர்.

கயிறு சொல்லும் பாடம்

காலணியில் இரும்பு முட்கள் பூட்டிய சட்டம், கையில் பனிக்கோடாரி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, இடுப்பில் வார் இவையாவும் ஒருவருக்கு உரியவை. ஆனால் அந்த வாரில் முடியப்படும் கயிறு குழு முழுவதற்கும் பொதுவானது. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே சில மீட்டர் தூரம் விட்டு, அனைவரையும் ஒரே கயிற்றில் பிணைக்கின்றனர். முன்னே செல்பவர் பனியைக் குத்திப் பார்த்தே அடிவைப்பார். அவர் பள்ளத்தில் விழ நேர்ந்தால், பின்னே வருவோர் நொடியில் தரையில் விழுந்து கோடாரியைப் பனியில் ஊன்றிக் கொள்ள வேண்டும். விழுந்தவரைத் தாங்குவது அவர்களுடைய உடலின் பாரமே.

ஆதலால் கயிறு தொய்ந்து தரையில் புரளலாகாது. முன்னவரை இழுக்கவும் கூடாது. வேகமாக நடக்கக் கூடியவன் தன் வேகத்தில் நடக்க இயலாது. குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் அடியே எல்லாருடைய அடியும் ஆகும். ஒருவர் போட்ட முடிச்சை மற்றொருவர் சரிபார்ப்பார். அதில் மனத்தாங்கலுக்கு இடமில்லை.

மறைத்தால் வரும் கேடு

பனியாற்றில் பிளவினும் பொல்லாத பகை ஒன்று உண்டு. அது காற்றின் மென்மை. ஏறத்தாழ 18,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் பாதியே. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் பாதிதான். உடல் இதற்குப் பழக நாட்கள் பல வேண்டும். பகலில் உயரத்திற்கு ஏறி, இரவில் தாழ்ந்த இடத்திற்கு இறங்கி வந்து உறங்கி, படிப்படியாகவே முன்னேறுகின்றனர். விரைந்து ஏறுவோருக்குத் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியவை தோன்றும். அவற்றைப் பொருட்படுத்தாமல் மேலும் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே இறுதியாகலாம். நோய் முற்றுமுன் கீழே இறங்குவதே தலையாய மருந்து.

இங்குதான் இளைஞர்களுக்குச் சோதனை. “தலை வலிக்கிறது என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களே, ஊரில் என்ன சொல்வார்கள்?” என்றெண்ணி நோயை மறைக்கும் ஒருவன், தன்னை மட்டுமன்றித் தன் கயிற்றில் உள்ள அனைவரையும் இடருக்கு உள்ளாக்குகிறான். “எனக்கு முடியவில்லை” என்று உரிய நேரத்தில் சொல்வதற்கு உச்சியை எட்டுவதற்கு வேண்டிய துணிவில் சற்றும் குறையாத துணிவு வேண்டும்.

உண்மையில் நடந்தவை

1948-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய மாணவர் படையின் 10 கேடட்டுகள் 2025 மே 18 அன்று எவரெஸ்ட் உச்சியை அடைந்தனர். அவர்களின் சராசரி வயது 19. இந்த வெற்றி ஒரு நாளில் வந்ததன்று. 2024-இல் அபி காமின் சிகரத்தில் ஏறிப் பழகினர். அதன்பின் தேர்ந்தெடுக்கப்பட்ட 15 பேர் சியாச்சின் அடிவார முகாமில் குளிர்காலப் பயிற்சி பெற்றனர். அவர்களுள் 10 பேரே இறுதிக் குழுவில் இடம் பெற்றனர். எஞ்சிய ஐவரும் அதே குளிரில் அதே கயிற்றைப் பிடித்தவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

மறுபக்கத்தையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். 2022 அக்டோபர் 4 அன்று, உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தின் உயர்நிலைப் பயிற்சிக் குழு ‘திரௌபதி கா டண்டா’ சிகரப் பகுதியில் பனிச்சரிவில் சிக்கியது. 29 உயிர்கள் பலியாயின. அவ்வாண்டு மே மாதத்தில்தான் எவரெஸ்ட் ஏறித் திரும்பியிருந்த பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் அவர்களுள் ஒருவர். அனுபவமும் பயிற்சியும் இடரைக் குறைக்குமேயன்றி அறவே அகற்றா. பிள்ளையின் தாளில் கையெழுத்திடும் தந்தை இதனை அறிந்தே கையெழுத்திட வேண்டும்.

திருச்சபை வரலாற்றிலும் பனிமலையை நன்கு அறிந்த ஒருவர் உண்டு. 1922 முதல் 1939 வரை திருத்தந்தையாக விளங்கிய பதினொன்றாம் பத்திநாதர், தம் இளமையில் அக்கில்லே ராத்தி என்னும் குருவாக இருந்தபோது, 1889-இல் ஆல்ப்ஸ் மலையின் மோந்தே ரோசாவைக் கிழக்குமுகமாக ஏறிக் கடந்தார். உச்சியை அடுத்த குறுகிய பாறை விளிம்பில், கொடுங்குளிரில், அவரும் தோழர்களும் உறங்காமல் ஓர் இரவைக் கழிக்க நேர்ந்தது. அங்கே கண்ணயர்வது சாவை அழைப்பதாகும். அந்த இரவைத் தனியே ஒருவர் கடந்திருப்பது அரிது. பின்னாளில், 1923-இல், மெந்தோன் நகர்ப் புனித பெர்னார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவரும் இவரே.

நம் சீமைக்கும் இயலும்

வறண்ட நிலத்தில் பிறந்தவர்க்குப் பனிமலை எட்டாக்கனி என்று எண்ணுவோருக்கு, நம் விருதுநகர் மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. ஜோகில்பட்டியைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். தமிழ்நாட்டிலிருந்து அவ்வுச்சியை எட்டிய முதல் பெண்மணி என்னும் பெருமை அவருக்கு உரியது. அப்போது அவர் இரு குழந்தைகளின் தாய். கரிசல் மண்ணில் வளர்ந்த கால்களும் பனியில் நடக்கக் கற்றுக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பெற்றோர் செய்யத் தக்கவை

முதலாவதாக, மருத்துவப் பரிசோதனையை வெறும் சடங்காகக் கருத வேண்டாம். பிள்ளைக்கு மூச்சிரைப்பு, வலிப்பு, இதயக் கோளாறு போன்றவை இருந்தால் ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டாவதாக, குழுவை நடத்திச் செல்பவர் யார், உடன் மருத்துவர் உண்டா, நோயுற்றால் கீழே கொண்டுவர ஏற்பாடு என்ன என்பவற்றைக் கேட்டறிய வேண்டும். கேட்பது அவமரியாதையன்று. மூன்றாவதாக, பயிற்சிக்குப் பல வாரங்களுக்கு முன்பிருந்தே நாள்தோறும் சுமையுடன் நடக்கப் பழக்க வேண்டும். கண்மாய்க் கரை இருக்க, வேறு மைதானம் எதற்கு?

இவற்றினும் மேலானது ஒன்று உண்டு. அது வீட்டில் பல ஆண்டுகளாகவே நடைபெற வேண்டியது. மதிப்பெண் குறைந்ததைச் சொன்னதற்காக அடிவாங்கிய பிள்ளை, மலைமேல் தலைவலியைச் சொல்ல மாட்டான். காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலை செய்யும் பெண்ணைப் ‘பொறுமைசாலி’ என்று புகழும் வீட்டில் வளர்ந்தவள், பனியில் விரல் மரத்துப்போனதையும் மறைத்தே வைப்பாள். குறையைச் சொன்னால் ஏற்றுக்கொள்ளும் இல்லமே, பிள்ளைகளை ஒரே கயிற்றில் நடக்கத் தகுதியுள்ளவர்களாக ஆக்குகிறது.

ஆகவே விடை கொடுக்கும் நாளில், நரிக்குடி நிலையத்தில் ரயில் நகருமுன், பெற்றோர் சொல்லத் தக்கது இதுதான்: “உடம்புக்கு முடியவில்லை என்றால் உடனே சொல்லிவிடு, கண்ணு. பாதியில் திரும்பி வந்தாலும் நீ எங்கள் பிள்ளைதான். உன்னோடு கயிற்றில் வருகிற பிள்ளைகளையும் பார்த்துக்கொள்.”