தொட்டில் மட்டும் போதுமா?

தோழர்களே! பெண் பிறந்த வீட்டில் தாய்ப்பாலுக்குப் பதில் கள்ளிப்பால் புகட்டிய கொடுமை நம் தருமபுரி மாவட்டத்திலே நடந்தது. மறைப்பானேன்? ஆறு வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகள் ஆயிரம் என்றால் பெண் பிள்ளைகள் 826 தான் என்று 2001ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு நம் முகத்தில் அறைந்தது.

அரசு வாளாவிருக்கவில்லை. "கொல்லாதே, கொடு" என்று 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இங்கும் வந்தது. கருவிலேயே பெண்ணென்று கண்டு அழிப்பதைத் தடுக்க 1994இல் சட்டம். அதனை இறுக்க 2003இல் திருத்தம். பலன் உண்டு. 2011இல் அந்த எண்ணிக்கை 900ஐத் தாண்டியது.

ஆனால் ஆயிரத்துக்கு ஆயிரம் ஏன் இல்லை? பெற்றவளைத் தொட்டில்வரை நடக்க வைத்தது எது? வரதட்சணை! அதைத் தடுக்கும் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. சட்டம் ஏட்டிலே, சவரன் பேரம் நம் வீட்டுத் திண்ணையிலே!

கூட்டத்தில் சமத்துவம் பேசிவிட்டு, மகனுக்குப் பெண் பார்க்கையில் "எத்தனை சவரன்?" என்று கேட்பவன், எங்கோ ஒரு தொட்டிலை நிரப்புகிறான். சட்டத்தைத் திருத்துவது சட்டமன்றத்தின் வேலை. அந்தக் கேள்வியை நிறுத்துவது நம் வேலை. இன்றே நிறுத்துவோம், தோழர்களே!