எந்தக் கதைக்கு எந்த வடிவம்?

கதை எழுதத் தொடங்கும் இளைஞர் பலரிடம் ஒரு மயக்கம் காணப்படுகிறது. பக்கம் குறைந்தால் சிறுகதை, கூடினால் நாவல், நடுவில் நின்றால் குறுநாவல் என்று அவர்கள் எண்ணிவிடுகிறார்கள். முப்பது வருடக் குடும்ப வரலாற்றை ஐந்து பக்கங்களில் அடக்கி, சிறுகதை என்று பெயரிட்டுப் பத்திரிகைக்கு அனுப்புகிறார்கள். அது பிரசுரமாகாதபோது, "எனக்கு எழுத வராது" என்று பேனாவையே மூடிவிடுகிறார்கள். பல வேளைகளில் குறை அவர்களது ஆற்றலில் இல்லை. தெரிந்தெடுத்த வகையில்தான் இருக்கிறது.

புனைகதையை இரண்டு விதமாக வகுத்துப் பார்க்கலாம், நேயர்களே. பொருளைக் கொண்டு வகுப்பது ஒன்று: சமூகக் கதை, வரலாற்றுக் கதை, துப்பறியும் கதை, அறிவியற் கதை என்பன அவ்வாறு அமைந்தவை. அமைப்பைக் கொண்டு வகுப்பது மற்றொன்று: சிறுகதை, குறுநாவல், நாவல்.

பொருள்வகை ஒவ்வொன்றும் வாசகருக்கு ஒரு வாக்குறுதி தருகிறது. துப்பறியும் கதையைக் கையிலெடுப்பவர், முடிவில் மர்மம் அவிழும் என்று நம்புகிறார். அதற்கான தடயங்கள் கதைக்குள்ளேயே இருக்கவேண்டும். வரலாற்றுக் கதையைப் படிப்பவர், அந்தக் காலத்து மனிதரின் பேச்சையும் நினைப்பையும் எதிர்பார்க்கிறார். சமூகக் கதையோ, நம் அயலில் நடப்பது ஏன் இப்படி நடக்கிறது என்று சிந்திக்க வைக்கவேண்டும்.

எமது நாட்டு எழுத்தாளரின் ஆரம்ப முயற்சிகளிலேயே இந்த வேறுபாடு தெரிகிறது. மு. கா. சித்திலெப்பை 1885 இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' எகிப்து முதலான நாடுகளிலே நிகழும் சாகசக் கதை. திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' (1895) நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்ட வரலாற்று நாவல். மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' (1914) யாழ்ப்பாணக் குடும்ப வாழ்வில் ஒரு பெண் படும் துயரைச் சொல்வது. தாம் சொல்ல விரும்பியதற்கு ஏற்ற களத்தை மூவரும் வெவ்வேறாகத் தேடிக்கொண்டனர்.

இனி அமைப்பைக் கவனிப்போம். சாதிக் கொடுமை என்ற ஒரே பொருளை இருவர் இருவிதமாகக் கையாண்டனர். டொமினிக் ஜீவா 'தண்ணீரும் கண்ணீரும்' (1960) தொகுதியில் அடிநிலை மக்களின் வாழ்வைச் சிறுகதைகளாகத் தந்தார். கே. டானியல் 'பஞ்சமர்' (1972) நாவலில் ஒடுக்கப்பட்ட மக்களின் எழுச்சியைப் பல பாத்திரங்கள் ஊடாக விரித்துக் காட்டினார். அவமதிக்கப்பட்ட ஒருவனின் நெஞ்சைக் காட்டச் சிறுகதை போதும். அந்த அவமதிப்பை நிலைக்க வைக்கும் காணி உறவுகளையும், கோயில் நிர்வாகத்தையும், எதிர்த்து எழும் மக்களையும் ஒருங்கே காட்ட நாவல் தேவைப்படுகிறது.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். 1995 ஒக்டோபர் முடிவில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பம். வீட்டுத் திறப்பு அம்மாவின் முந்தானையில் முடிந்திருக்கிறது. பல மாதங்களின் பின் ஊரிலிருந்து வந்த ஒருவர், வீடு தரைமட்டமாகிவிட்டது என்கிறார். அன்றிரவு அம்மா திறப்பை என்ன செய்கிறா? அந்த ஓர் இரவு சிறுகதைக்குரியது. அகதி முகாமாகிவிட்ட பாடசாலையொன்றில் அந்தக் குடும்பம் கழிக்கும் சில மாதங்களும், அதனால் தாய்க்கும் மகளுக்கும் இடையே விழும் விரிசலும் குறுநாவலுக்குப் பொருந்தும். அந்த வீட்டைக் கட்டிய தாத்தா, அதைச் சீதனமாகப் பெற்ற அம்மா, வெளிநாட்டிலிருந்துகொண்டு அதை விற்கச் சொல்லும் மகன் என்று மூன்று தலைமுறைகளும் ஊரும் வந்தால் அது நாவல். திறப்பு ஒன்றேதான், நாம் கேட்கும் கேள்விதான் வேறு.

ஆகவே எழுத உட்காருமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். என் கதையில் மாறுவது எது: ஒரு கணமா, ஓர் உறவா, ஒரு சமூகமா? இதைச் சொல்ல எவ்வளவு காலமும் எத்தனை மனிதரும் வேண்டும்? இவ்வகைக் கதைகளை நான் போதிய அளவு படித்திருக்கிறேனா? மூன்றாவது கேள்வி மிக முக்கியமானது. துப்பறியும் கதைகளை விரும்பிப் படிக்காதவர் அதில் வாசகரை ஏமாற்றாமல் எழுதுவது கடினம். விற்பனையாகிறது என்பதற்காக ஒரு வகையைத் தெரிவு செய்தால், எழுத்திலே அந்த ஒட்டாத்தன்மை தெரிந்துவிடும்.

சிறுகதை, நாவலுக்குப் போகும் வழியில் உள்ள படிக்கட்டு அல்ல. சிறுகதை மட்டுமே எழுதி நிறைவு கண்டவர்கள் உண்டு. வகைகளுக்கிடையே உள்ள எல்லைகளும் மீறக்கூடாத வேலிகள் அல்ல. ஆனால் வேலி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவரே அதை அழகாகத் தாண்டுவார்.

திரும்பி வந்த கதை ஏதேனும் உங்கள் மேசை லாச்சிக்குள் கிடந்தால், அதைக் கிழித்தெறிய வேண்டாம். மீண்டும் எடுத்துப் படியுங்கள். அது தோற்றுப்போன சிறுகதையாக இல்லாமல், இன்னும் எழுதப்படாத ஒரு நாவலின் குறிப்பாக இருக்கலாம்.