முன்பள்ளி விட்ட பிறகு

கிழக்குக் கரையில் திருக்கோவில் ஊர்ப் பக்கத்து முன்பள்ளிகளில் ‘பெற்றோர் பங்களிப்பு’ என்றால் பெரும்பாலும் மாதக் காசும் விளையாட்டுப் போட்டிக்கு உடையும் கலைவிழாவுக்குக் கைகொடுப்பதும்தான். அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. அரச பாடசாலைக்குக் கிடைக்கும் இலவசக் கல்வியின் ஆதரவு முன்பள்ளிக்கு முழுதாகக் கிடைக்காத நாட்டில், பெற்றோர் காசு இல்லாவிட்டால் பல கதவுகள் பூட்டியே கிடக்கும். ஆனால் காசு கட்டியதோடு தன் பங்கு முடிந்தது என்று வீடு நினைப்பதில்தான் நட்டம் இருக்கிறது. முன்பள்ளி காலையில் சில மணித்தியாலம்தான். பேச்சும் எண்ணமும் விளையும் மீதிப் பொழுது முழுக்க வீட்டில் கழிகிறது.

படிக்காத தாய் என்ன சொல்லிக் கொடுப்பாள் என்று கேட்பார்கள். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986-87இல் தொடங்கிய ஆய்வு இதற்கு நல்ல பதில். வளர்ச்சி குன்றிய 129 ஏழைக் குழந்தைகளில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற சுகாதார உதவியாளர்கள் இரண்டு வருடம், வாரம் ஒரு மணித்தியாலம் போனார்கள். பிள்ளைக்குப் பாடம் எடுக்கவில்லை. கழிவுப் பொருளில் செய்த விளையாட்டுச் சாமான்களை வைத்துப் பிள்ளையோடு பேசி விளையாடத் தாய்க்குப் பழக்கினார்கள். சுமார் 20 வருடம் கழித்துப் பார்த்தபோது, அப்படி விளையாடி வளர்ந்தவர்களின் உழைப்பு மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடியிருந்தது. சத்துணவு மட்டும் பெற்ற இன்னொரு பகுதியினரிடம் அந்தப் பலன் காணப்படவில்லை. ஆய்வு சிறியது, ஊரும் வேறு. அதே சதவீதத்தை இங்கே எதிர்பார்ப்பது பிழை. தாயின் படிப்புக் குறைவு தடையில்லை என்பதை அது காட்டுகிறது, அவ்வளவே.

நேரமில்லை என்பது இன்னும் நியாயமான மறுப்பு. இந்தக் கரையில் பல தமிழ் வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும் தாய் வளைகுடாவில் வேலைக்குப் போயிருக்க, வீட்டு வேலையோடு பிள்ளையையும் வளர்ப்பது அம்மம்மாவோ மூத்தம்மாவோ. ஆனால் இதற்குத் தனி நேரம் தேவையில்லை. நெத்தலி துப்புரவாக்கும்போது “மனே, இதுல பெரிசு எது, சின்னன் எது?” என்று கேட்டு, பிள்ளை பிரித்து வைக்கும்வரை பொறுத்திருந்தால் அளவும் எண்ணும் பேச்சும் அங்கேயே வந்துவிடும். மூன்று வயதில் கொப்பியைத் திணித்து ‘அ’ எழுத வைப்பதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

இலங்கைக்கு இதில் ஒரு வசதி உண்டு. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியில், பொதுச் சுகாதார மருத்துவ மாது இன்றும் வீடு தேடிப் போகிறார். நிறை பார்க்கும்போதே பிள்ளையோடு பேசும் விதத்தையும் காட்டலாம். அவருக்கு ஏற்கெனவே வேலை கூட என்பது உண்மை. அப்படியானால் முன்பள்ளி ஆசிரியை மாதத்தில் சில பின்னேரங்கள் வீடுகளுக்குப் போகட்டும். அதற்குரிய கொடுப்பனவை அரசாங்கம் கொடுக்க வேண்டும், பெற்றோர் காசில் ஏற்றக்கூடாது.