ஓடி ஓய்ந்த குதிரை தந்த மருந்து!

குட்டீஸ், கம்மாபுரம் பக்கம் இருட்டில் வயல் வரப்பில் கால் வைத்தால், "பார்த்துப் போ கண்ணு, பூச்சி கிடக்கும்" என்று பாட்டி எச்சரிப்பார். பாட்டி சொல்லும் 'பூச்சி' எது என்று உங்களுக்கே தெரியும்... பாம்புதான்!

பாம்பு கடித்தவருக்கு அரசு மருத்துவமனையில் ஏற்றும் விஷமுறிவு மருந்து எதிலிருந்து கிடைக்கிறது தெரியுமா? குதிரையின் ரத்தத்திலிருந்து! இதுபோன்ற மருந்துகளுக்கும் ஒரு பந்தயக் குதிரைப் பண்ணைக்கும் சுவையான தொடர்பு உண்டு. வாங்க, மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ள புனே வரை போய் வருவோம்.

பண்ணை பிறந்த கதை

புனேயில் பூனாவாலா குடும்பத்தினர் 1946-ம் ஆண்டு ஒரு குதிரைப் பண்ணையைத் தொடங்கினார்கள். அங்கே வளர்ந்தவை 'தரோபிரெட்' என்ற பந்தயக் குதிரைகள். இந்த இனத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. உலகில் உள்ள எந்த தரோபிரெட் குதிரையை எடுத்துக்கொண்டாலும், அதன் அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா என்று பின்னோக்கிப் போனால், சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்துக்கு வந்த மூன்று ஆண் குதிரைகளில் ஒன்றில் போய் நிற்கும்!

தாய்க் குதிரை 11 மாதங்கள் சுமந்து, பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான் போடும். பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே குட்டி எழுந்து நின்றுவிடும். ஒன்றரை வயது வாக்கில் பயிற்சி தொடங்கும். முதலில் கடிவாளம், அடுத்து சேணம், அதெல்லாம் பழகிய பிறகுதான் முதுகில் ஆள். இரண்டு வயதில் பந்தயத்துக்குத் தயார்!

ஆனால், சில ஆண்டுகளில் ஓட்டம் முடிந்துவிடும். குதிரையோ 25 வயதுக்கு மேலும் வாழும். பிறகு அதற்கு என்ன வேலை?

இரண்டாவது வேலை

பூனாவாலா பண்ணையில் வயதான குதிரைகளை மும்பையில் உள்ள ஹாஃப்கின் நிறுவனத்துக்குக் கொடுத்து வந்தார்கள். அங்கே மருந்து தயாரிக்கக் குதிரைகள் தேவைப்பட்டன. எப்படி என்கிறீர்களா?

வீரியம் குறைத்த நஞ்சைக் குதிரையின் உடலில் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். குதிரையின் ரத்தத்தில் அந்த நஞ்சை முறிக்கும் எதிர்ப்பொருள் உண்டாகும். பிறகு கொஞ்சம் ரத்தம் எடுத்து, எதிர்ப்பொருளை மட்டும் பிரித்துச் சுத்தம் செய்தால் மருந்து தயார்! இதற்குப் பெயர்தான் 'சீரம்'. துருப்பிடித்த ஆணி குத்தினால் வரக்கூடிய ரணஜன்னிக்கும் இப்படித்தான் சீரம் தயாரித்தார்கள்.

'குதிரை நம்மிடமே இருக்கும்போது மருந்தையும் நாமே தயாரித்தால் என்ன?' என்ற யோசனை, பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்த சைரஸ் பூனாவாலா என்ற இளைஞருக்கு வந்தது. குதிரைகளை விற்ற பணமும் முதலீடானது. 1966-ல் 'சீரம் இன்ஸ்டிடியூட்' பிறந்தது. பெயரிலேயே சீரம் இருக்கிறது, கவனித்தீர்களா?

பிறகு அந்த நிறுவனம் தடுப்பூசிகளும் தயாரித்து, உலகிலேயே அதிக எண்ணிக்கையில் தடுப்பூசி தயாரிக்கும் நிறுவனமாக வளர்ந்தது. 2021 ஜனவரியில் நம் நாட்டில் கொரோனாவுக்குப் போடத் தொடங்கிய 'கோவிஷீல்டு' ஊசி அங்கே தயாரானதுதான். அதற்குக் குதிரை தேவைப்படவில்லை. தடுப்பூசி, எதிர்ப்பொருளை நம் உடலே உண்டாக்கும்படி செய்யும். சீரமோ எதிர்ப்பொருளைத் தயாராகவே கொண்டுவந்து தரும். இதுதான் இரண்டுக்கும் வித்தியாசம்.

நம் ஊர்ப் பங்கு

பாம்புக்கடி மருந்துக்கு முதலில் பாம்பின் விஷம் வேண்டும் அல்லவா? அதைத் தருவதில் பெரும் பங்கு நம் தமிழ்நாட்டுக்குத்தான். மாமல்லபுரம் செல்லும் வழியில் உள்ள வடநெம்மேலியில், 1978-ல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அங்கே நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் விஷத்தை எடுத்துவிட்டு, பாம்புகளை மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷம் மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது.

நமக்காக ரத்தம் தரும் குதிரைகளுக்கு நல்ல தீவனமும் ஓய்வும் தரவேண்டியது நம் கடமை. குதிரையே இல்லாமல் ஆய்வுக்கூடத்தில் எதிர்ப்பொருள் தயாரிக்கவும் விஞ்ஞானிகள் முயன்று வருகிறார்கள்.

குட்டீஸ், யாரையாவது பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறக் கூடாது. கயிறு கட்டக் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லச் சொல்லுங்கள். எங்கோ ஒரு குதிரை தந்த மருந்து அங்கே காத்திருக்கும்!