உங்களுக்குத் தெரியுமா? அறுவை முதுகில், அழுத்தம் கண்ணில்!

கண்ணுக்குள் அழுத்தம் வழக்கமாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம். முதுகெலும்பு அறுவைக்காகக் குப்புறப் படுக்கவைத்தால் அது ஏறும். நேரம் ஆக ஆக இன்னும் ஏறும். 40-ஐத் தொட்டதும் உண்டு. மயக்கத்தில் ரத்த அழுத்தமும் இறங்கினால், பார்வை நரம்புக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும்; அரிதாகப் பார்வையே போய்விடலாம்.

மயக்க மருந்தின் தேர்வு இங்கேதான் முக்கியமாகிறது. செவோஃப்ளூரேன் போன்று மூச்சு வழியாகக் கொடுக்கும் மருந்துகளும் கண் அழுத்தத்தைக் குறைப்பவைதான். ஆனால் ரத்தக்குழாய் வழியே ஏற்றும் புரோபோஃபால் அதை இன்னும் நன்றாகக் கட்டுப்படுத்துகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதனாலேயே பார்வை இழப்பைத் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. அந்த இழப்பு மிக மிக அரிது என்பதால் நிரூபிப்பதும் கடினம்.

அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கப் பதிவேட்டைக் கொண்டு 2006-ல் வெளியான ஆய்வில், முதுகெலும்பு அறுவைக்குப் பின் பார்வை இழந்த 93 பேரில் 83 பேருக்குப் போதிய ரத்தம் இல்லாமல் பார்வை நரம்பு பாதிக்கப்பட்டிருந்தது. அந்த 83 பேரில் கிட்டத்தட்ட எல்லோருக்குமே மயக்கம் 6 மணி நேரமோ அதற்கு மேலோ நீடித்திருந்தது, அல்லது ஒரு லிட்டராவது ரத்தம் போயிருந்தது. தலையணை கண்ணை அழுத்தியதுதான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். முகம் எதிலும் படாதபடி தலையைக் கவ்வியில் பொருத்தியிருந்தவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது.

கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய் இருப்பவர்கள் அறுவைக்கு முன்பே மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மயக்கம் தெளிந்ததும் பார்வை மங்கலாகத் தெரிந்தால், தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடாமல் உடனே சொல்லுங்கள்.