மேம்பாலத்தில் வண்டி திக்குதா? பதறாதீங்க!

சென்னை அண்ணா மேம்பாலம். சாயந்தர நெரிசல். பின்னால் பஸ் ஹாரன்! அந்த நேரம் பார்த்து பைக் ‘புக்... புக்...’ என்று திக்கும். பதறிப்போய் நடுரோட்டில் பிரேக் போட்டால் பஸ்காரர் என்ன செய்வார்? கையைக் காட்டி இடது ஓரம் ஒதுங்குங்கள்.

பழைய கார்புரேட்டர் வண்டி என்றால், பெட்ரோல் டேப்பை ‘ரிசர்வ்’ பக்கம் திருப்புங்கள். பல சமயம் வியாதி அவ்வளவுதான்! ஓடும்போதே இடது கையால் தடவித் திருப்பலாம்; வீட்டு வாசலில் பழகியிருக்க வேண்டும். குனிந்து தேடினீர்களோ, போச்சு!

பெட்ரோல் இருந்தும் மக்கர் பண்ணுதா? ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, டேங்க் மூடியைத் திறங்கள். (பீடி, சிகரெட் பக்கத்தில் கூடாது!) ‘உஸ்’ஸென்று காற்றை இழுத்தால், மூடியிலுள்ள காற்றுத் துளையில் அழுக்கு. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் கீழே இறங்காது. திறந்து மூடினால் கொஞ்ச தூரம் ஓடும். அதற்குள் மெக்கானிக்கைப் பிடியுங்கள்.

2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் பெரும்பாலும் இந்த டேப்பே கிடையாது. பெட்ரோல் முள்ளைப் பார்த்து ஓட்டுங்கள்.